என் மனைவியின் நன்றியுரை

கிராமச் சபைக் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதராக வேலை கிடைத்த அன்று பல கடதாசிகளில் கையெழுத்து வைத்தேன். அரசியல் மேடையில் ஏறமாட்டேன், எந்தக் கட்சிக்காகவும் வீடு வீடாகப் போய் வோட்டுக் கேட்கமாட்டேன், எந்தக் கட்சியிலும் பதவி வகிக்கமாட்டேன் என்று உறுதி சொல்லும் கடதாசியும் அவற்றில் ஒன்று. வோட்டுப் போடும் உரிமையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வேலை கிடைத்த சந்தோசத்தில் அதை வாசித்தும் வாசிக்காமலும் பேனையை ஓட்டினேன். அதன் கனம் அன்று கையில் தெரியவில்லை.

அதற்கு முன் எங்கள் தீவில் மேடை என்றால் நானும் அதில் இருப்பேன். ஐம்பத்தாறில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கும் வயதில் இருந்தேன். சரவணையில் ஒரு கண்டனக் கூட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய பேச்சாளர் வந்து சேரவில்லை. கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க என்னை ஏற்றிவிட்டார்கள். நான் பேசி முடித்தபோது அந்தப் பேச்சாளர் வந்து கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அதற்குப் பிறகு என்னைத் தேடி சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். ஊர்காவற்றுறை, நயினாதீவு, ஒருமுறை வள்ளத்தில் நெடுந்தீவுக்கும் போய்ப் பேசினேன். எடுத்த எடுப்பில் உரத்துப் பேசமாட்டேன். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னுக்குச் சரிந்து கேட்கவேண்டும், அப்படித் தொடங்குவேன். பிறகு மெல்ல மெல்ல ஏறுவேன். கைதட்டல் எந்த வசனத்தில் விழும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகம் நடந்தபோது வெயிலில் குந்தியிருந்தவர்களில் நானும் ஒருவன்.

வேலை தேடித் தந்தவர் எங்கள் ஊர் வாத்தியார். ஓய்வுபெற்றவர், நான் பேசித் திரிந்த கட்சியின் கிளைக்குப் பொறுப்பானவர், எனக்கு மேடை பழக்கியவர். "தம்பி, கதைச்சுக்கொண்டு திரிஞ்சால் ஆரும் பொம்பிளை தராயினம்" என்று சொல்லி, சபையில் தனக்குத் தெரிந்தவர்களிடம் எனக்காகக் கேட்டார். அவர் சொன்னபடியே நடந்தது. வேலை கிடைத்த அடுத்த ஆவணியில் சுருவிலிலிருந்து எனக்குப் பெண் எடுத்தார்கள். பொம்பிளை அமைதியான பிள்ளை, வாய் திறக்காது என்று தரகர் சொன்னார். உண்மைதான். கலியாணமான முதல் மாதங்களில் நான் கதைப்பேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். சில வேளை நான் பாதியில் நிற்கும்போது, "பிறகு?" என்பாள். அவ்வளவுதான்.

முதலில் வந்தது பாராளுமன்றத் தேர்தல். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஆனால் கூட்டம் நடந்த வளவின் பின்னால் போகும் குறுகிய ஒழுங்கையில், பனை வடலிகளுக்கு இப்பால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கந்தோர் உத்தியோகத்தனாக நின்றால்தானே பிழை, ஒழுங்கையால் போகிற ஆளாக நின்றால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மேடையில் என்னைவிட இளைய ஒருவன் பேசினான். நல்ல பொடியன்தான். ஆனால் உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில் இருமினான், கைதட்டல் வரவேண்டிய இடத்தில் அடுத்த விசயத்துக்குத் தாவினான். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ஒழுங்கையின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்குச் சைக்கிளை உருட்டினேன், திரும்பி வந்தேன், மறுபடி உருட்டினேன்.

எங்கள் கந்தோரில் பியோனாக இருந்தவரும் அங்கே இருட்டில் நின்றார். அவருக்கும் அதே சட்டம்தான். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கடை வாய் அசையுது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவி தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருசங்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கந்தோர் விட்டதும் நேரே வீட்டுக்கு வரமாட்டேன். சைக்கிளில் ஊர்காவற்றுறைத் துறைமுகம் வரை போய், இறங்காமலே திரும்பி வருவேன். எதிர்க்காற்றில் மிதிக்கும்போது நெஞ்சுக்குள் வசனங்கள் ஓடும். யாருக்கும் சொல்ல முடியாத வசனங்கள். கந்தோரில் சபைக் கூட்டத்துக்கு நான்தான் குறிப்பெழுதுவேன். உறுப்பினர்கள் சத்தம் போட்டுப் பேசுவார்கள், நான் குனிந்து எழுதுவேன். மோசமாகப் பேசியதையும் ஒழுங்கான தமிழாக்கி எழுதுவேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கும்போது, தாங்கள் இவ்வளவு நன்றாகப் பேசினோமா என்று அவர்கள் மகிழ்ந்து போவார்கள்.

பிறகு கிராமச் சபைத் தேர்தல் வந்தது. எங்கள் சபைத் தலைவர் மறுபடியும் நின்றார். நிலபுலன் உள்ளவர், கட்சிக்கு எதிரானவர், என்னோடு பகையில்லாதவர். எங்கள் வட்டாரத்தில் அவரை எதிர்த்துக் கட்சி ஒருவரை நிறுத்தியது. ஒரு பின்னேரம் வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். நான் பயந்து போனேன்.

"வாத்தியார், நீங்கள் இஞ்சை வாறதே பிழை. ஆரும் கண்டால்..."

"உம்மட்டை வரேல்லை, தம்பி. உம்முடைய வீட்டுக்காரியிட்டை வந்தனான்."

மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். கூட்டங்களுக்குப் பெண்கள் நிறைய வருகிறார்கள், மேடையில் ஒரு பெண்ணாவது இருந்தால் நல்லது என்று வாத்தியார் சொன்னார். பெரிய பேச்சு ஒன்றும் வேண்டாம். கடைசியில் ஒரு நன்றியுரை. "தலைவருக்கு நன்றி, பேச்சாளருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. அவ்வளவுதான், பிள்ளை."

அவள் மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, சொல்லுறன்" என்றாள்.

வாத்தியார் போனதும் எனக்குள் ஏதோ உடைத்துக்கொண்டு கிளம்பியது. அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். எழுதுவது பேசுவது ஆகாது, கணவன் மனைவிக்கு எழுதிக்கொடுப்பதை எந்தச் சுற்றுநிருபமும் தடுக்கவில்லை என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே எழுதினேன். முதல் இரண்டு பக்கமும் நன்றி என்ற சொல்லின் பெருமை. அதன் பிறகு மொழி, மண், மானம். கைதட்டலுக்கு இடம் விட்டு விட்டு எழுதினேன். அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எங்கே குரலை ஏற்றவேண்டும் என்று விறாந்தையில் நடந்து நடந்து காட்டினேன். அவள் இடையில் பிறந்த எங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது நீங்கள் கதைக்கிற மாதிரியெல்லே இருக்கு" என்றாள்.

"பழகினால் சரியா வரும்."

அவள் கடதாசிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்ட நாளன்று நான் மறுபடியும் பின் ஒழுங்கையில் நின்றேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது, மேடையில் பெற்றோமக்ஸ் கொளுத்திவிட்டார்கள். பேச்சாளர்கள் எல்லோரும் முடித்த பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றதும் நான் முன்னுக்குச் சரிந்தேன். என் முதல் வசனம் எனக்குள் தயாராக நின்றது. அவள் வாய் திறந்தாள். வந்தது வேறு.

"நன்றி சொல்லச் சொன்னவை. எல்லாருக்கும் நன்றி. ஆனா இந்தக் கூட்டத்துக்கு வராத பொம்பிளையளுக்கும் ஒரு நன்றி சொல்லவேணும். அவை இப்ப கிணத்தடியிலை நிக்கினம். அவை நிண்டபடியால்தான் நாங்கள் கொஞ்சப்பேர் இஞ்சை வந்து இருக்கிறம்."

எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். குடிக்க ஏற்ற தண்ணீர் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றில்தான். கோடையில் அங்கே குடங்களோடு காத்து நிற்கவேண்டும். சபையின் தண்ணீர் வண்டியான பவுசர் சில ஒழுங்கைகளுக்கு வரும், சிலவற்றுக்கு வராது. இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். மேடையில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"எங்கடை ஒழுங்கைக்குப் பவுசர் வாறேல்லை. ஏனெண்டு கேட்டால், ரோட்டு சரியில்லையாம். ரோட்டை ஏன் திருத்தேல்லை எண்டு கேட்டால், அதாலை பவுசர் கூடப் போறேல்லை, பிறகேன் திருத்துவான் எண்டு சொல்லுகினம்."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவள் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வீட்டில் மீன் விலை சொல்வதுபோலவே சொன்னாள்.

"என்ரை வீட்டுக்காரர் சபைக் கந்தோரிலைதான் வேலை செய்யிறார். அவரிட்டைக் கேட்டால், தனக்கு ஒண்டும் சொல்லேலாதாம். சரி, அவருக்குச் சொல்லேலாது. எனக்குச் சொல்லலாம்தானே?"

அந்தக் கைதட்டலை நான் ஒழுங்கையில் நின்று கேட்டேன். என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒன்று விழுந்ததில்லை. பெருமையா, கோபமா, வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் சைக்கிளில் ஏறி எங்கோ மிதித்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்து பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினது எங்கை?"

"அதை நான் கதைச்சால் பொய்யாய் இருந்திருக்கும்" என்றாள். "கோவிக்காதேங்கோ."

மறுநாள் காலையில் கந்தோர்ப் படியில் ஏறும்போதே தலைவர் உள்ளே கூப்பிட்டார். கதிரையில் சாய்ந்து இருந்தார். கோபமாக இல்லை.

"தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர்."

"நான் எழுதேல்லை."

"வேறை ஆர்? சுருவிலிலை இருந்து வந்த அந்தப் பிள்ளை வாயே திறக்காது எண்டு ஊருக்கெல்லாம் தெரியும். பவுசர் போகாதபடியால் ரோட்டுத் திருத்தேல்லை, ரோட்டுத் திருத்தாதபடியால் பவுசர் போகேல்லை. இது உம்முடைய மூளையெல்லோ?"

நான் சத்தியம் பண்ணினேன். அவர் சிரித்தார். அதைவிடக் கொடுமை கட்சிக்காரர்கள். வழியில் கண்டவர்கள் சைக்கிளை நிறுத்தி, கையைப் பிடித்து அமுக்கி, "பழைய வேகம் குறையேல்லை, அண்ணை" என்றார்கள். நான் எழுதவில்லை என்றால் கண்ணைச் சிமிட்டினார்கள். நான் எழுதிய நல்ல பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுதாத பேச்சுக்கு ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது. வாத்தியார்கூட நம்பவில்லை. அவர்தானே எனக்கு மேடை பழக்கியவர் என்று நினைத்தேன். அவரே நம்பாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

என்னைப் பற்றி மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. எழுதியவர் பெயரில்லை. சபை லிகிதர் தன் மனைவியைக் கொண்டு மேடையில் அரசியல் பேசுவிக்கிறார் என்பது சாரம். உள்ளூராட்சி அதிகாரி ஒருவர் விசாரிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். வெள்ளைக் காற்சட்டை, மெலிந்த உடம்பு, நிதானமான குரல். சபை மண்டபத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"உம்முடைய மனைவி கதைச்சது குற்றமில்லை" என்று தொடங்கினார். "அவ உத்தியோகத்தர் இல்லை. தனக்குப் பட்டதை அவ கதைக்கலாம். ஆனா நீர் எழுதிக் குடுத்து அவ கதைச்சிருந்தால், அது நீர் மேடையிலை ஏறின மாதிரி. விளங்குதே?"

"ஓம், சேர்."

"எழுதிக் குடுத்தனீரோ?"

"அவ கதைச்சது நான் எழுதினதில்லை, சேர்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "நான் கேட்டது அதில்லை. எழுதிக் குடுத்தனீரோ எண்டுதான் கேட்டனான்."

பொய் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அன்றுவரை நான் எழுதிய பேச்சைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"எழுதினனான், சேர். அதை அவ கதைக்கேல்லை."

"அதிலை தண்ணி பற்றி இருந்ததோ?"

"இல்லை."

"ரோட்டு?"

"இல்லை, சேர்."

"பிறகு என்ன இருந்தது?"

"நன்றி எண்ட சொல்லின்ரை பெருமை, சேர். முதல் ரெண்டு பக்கமும்."

"முதல் ரெண்டு பக்கமோ? மொத்தம் எத்தினை?"

"ஆறு."

அவர் யன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, மனைவியை அழைத்து வரச் சொன்னார். பியோன் போய்க் கூட்டி வந்தார். அவள் கைகளை ஈரத்தோடு சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அதிகாரி எழுந்து கதிரையைக் காட்டினார். அவள் இருந்தாள்.

"உங்கடை கணவர் எழுதித் தந்தது உண்மையோ, அம்மா?"

"ஓம்."

"அதை ஏன் கதைக்கேல்லை?"

"அது அவரின்ரை கதை. என்ரை கதை தண்ணி."

"அவர் எழுதினதைத்தான் நீங்கள் கதைச்சதெண்டு பெட்டிசத்திலை இருக்கு."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். சொல்லலாமோ என்று யோசித்த பார்வை. பிறகு சொன்னாள்: "அவர் எழுதினதை நான் கதைச்சிருந்தால் ஒருத்தரும் பெட்டிசம் போட்டிருக்கமாட்டினம், சேர்."

பியோன் வாசலில் இருமினார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது அந்த நிமிசத்தில் எனக்குப் படவில்லை.

"அந்தக் கடதாசியள் எங்கை?"

"அடுப்பு மூட்டிட்டன். அண்டைக்கு விறகு ஈரம்."

அதற்குப் பிறகு அதிகாரி என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிணறு எங்கே இருக்கிறது, எந்த ஒழுங்கை, பவுசர் எந்தக் கிழமைகளில் ஓடுகிறது, யாருடைய வாசலில் திரும்புகிறது என்று அவளிடம் கேட்டு எழுதினார். அவள் ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். நான் என் சொந்தக் கந்தோரில் மூன்றாம் ஆளாக இருந்தேன்.

முடிவு சில வாரங்களில் வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எனினும் எச்சரிக்கை. நிர்வாக வசதி கருதி அனலைதீவுக்கு இடமாற்றம். இதற்கிடையில் தேர்தலுக்கு முன்னமே தலைவர் எங்கள் ஒழுங்கைக்கு அவசர அவசரமாகக் கல்லும் மண்ணும் கொட்டுவித்தார். பவுசர் வந்தது. பெண்கள் வாசலில் குடம் நிரப்பினார்கள், அவருக்கே வோட்டும் போட்டார்கள். கட்சி ஆள் தோற்றார். வாத்தியார் தலையில் கை வைத்தார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டு கோபத்தில் கத்தினேன்.

"எல்லாம் ஆருக்காக? தோத்தும் போச்சு, நானும் தீவு கடந்து போறன்."

"தண்ணி வந்திட்டுதெல்லே" என்றாள்.

அனலைதீவு தூரமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டார் வள்ளத்தில் ஏறினால் பத்திரிகை ஒன்று வாசித்து முடிக்கும் முன் போய்விடலாம். ஆனால் வாடைக் காற்று எழும்பினால் வள்ளம் ஓடாது. அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கினேன், சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தேன். வேலை குறைவு. மத்தியானத்துக்கு மேல் கந்தோரில் இருக்க முடியாது. துறைமுகத்துக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். மீன்பிடிக்கிறவர்கள் என்னை வள்ளம் தவறவிட்ட ஆள் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு கொஞ்சம் மாறியிருந்தது. வேலியடியில் பெண்கள் நிற்பார்கள். ஒருத்திக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கவேண்டும், ஒருத்திக்கு வாய்க்கால் பிரச்சினை. மனைவி அவர்களோடு கந்தோருக்குப் போய் வருவாள். எதை எங்கே கேட்கவேண்டும் என்று என்னிடம் கேட்பாள். நான் சொல்வேன். என் அறிவு இந்த வழியாகவாவது வெளியே போகிறதே என்று ஒரு பக்கம் ஆறுதல், மறுபக்கம் நான் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளாகிவிட்டேனே என்ற கொதிப்பு.

அடுத்த கிராமச் சபைத் தேர்தல் நெருங்கியபோது அவள் ஒரு சனிக்கிழமை சொன்னாள். "என்னைக் கேக்கச் சொல்லுகினம்."

"என்னத்தை?"

"வட்டாரத்துக்கு. எலெக்சன்."

வாத்தியார்தான் கேட்டிருக்கிறார். நான் கதிரையிலிருந்து எழுந்து நடந்தேன். "நீர் வெண்டால் நான் இந்தச் சபைக்கு ஒருநாளும் திரும்பி வரேலாது, தெரியுமே? மனுசி உறுப்பினராய் இருக்கிற இடத்திலை புருசனை லிகிதராய் வைக்கமாட்டினம். நான் அனலைதீவிலை கிழவனாக வேண்டியதுதான்."

"தெரியும்."

"பிள்ளையள்?"

"நான் இஞ்சைதானே இருக்கிறன்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

அவள் பிள்ளைகளின் உடுப்பை மடித்து வைத்தாள். பிறகு, "எனக்குக் கேக்க விருப்பம்" என்றாள். அவள் தனக்கு ஒன்று விருப்பம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு விருப்பமானவை எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். மேடை, கைதட்டல், நெடுந்தீவுக் கூட்டம், அந்தப் பெரிய பேச்சாளர் கீழே நின்று கேட்டது, எல்லாம். அவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

"கேளும்" என்றேன். பெரிய மனதோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் நெடுநேரம் முகம் கழுவினேன்.

தேர்தலுக்கு முந்திய வாரங்களில் வீட்டுக்கு வரவே பயந்தேன். வந்தால், வோட்டுக் கேட்க வந்தான் என்று பெட்டிசம் போகும். வராவிட்டால், குடும்பத்தில் சண்டை என்று கதை கட்டுவார்கள். ஒருமுறை வந்தபோது கடையில் சீனி வாங்கப் போனேன். கடைக்காரர் சும்மா, "எப்பிடி, அக்கா வெல்லுவாவோ?" என்றார். ஓம் என்றால் பிரசாரம், இல்லை என்றால் துரோகம். சீனியை வாங்காமலே திரும்பி வந்தேன். அவள் சீனி எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நானும் சிரித்தேன்.

வோட்டு நாளன்று காலை முதல் வள்ளத்தில் வந்தேன். அந்த உரிமை எனக்கு இருந்தது. வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, விதித்த எல்லைக்கு அப்பால், வேட்பாளர்கள் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டார்கள். ஒரு பக்கம் தலைவர். மறுபக்கம் என் மனைவி, சரிகைக் கரை வைத்த ஒரு பழைய சேலையில். என்னை எல்லோரும் பார்த்தார்கள். நான் நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். கிட்ட வந்ததும் அவள் மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே எனக்கும் கையெடுத்துக் கும்பிட்டாள். என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரித்தால் குற்றம், சிரிக்காவிட்டால் அநியாயம். தலைவருக்கும் அவளுக்கும் ஒரே அளவாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனேன். தலைவர் பின்னால், "தம்பி, நல்ல கிளாக்கர்தான் நீர்!" என்று உரக்கச் சொன்னது கேட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்திருப்பாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வென்றாள். நான் அன்றே திரும்பிவிட்டதால் செய்தி மறுநாள் வள்ளக்காரர் மூலம்தான் வந்தது. அவர் துறைமுகத்துக்கு வரும் முன்பே கடலிலிருந்து கையைக் காட்டினார். நான் ஓடிப் போய்க் கயிற்றை வாங்கிக் கட்டினேன். முடிச்சு முதல் தரம் சரியாக விழவில்லை.

நான்கு வருசம் என்று இருந்த சபையின் காலத்தை அரசாங்கம் நீட்டி நீட்டி வைத்தது. அத்தனை வருசமும் நான் கடலுக்கு அந்தப் பக்கம். இடமாற்றம் கேட்டு எழுதும் போதெல்லாம் ஒரே பதில். பிள்ளைகள் வளர்ந்தார்கள். சபைக் கூட்டத்தில் அவள் பேசியதை எனக்குப் பிறகு வந்த லிகிதர் குறிப்பெழுதினான். ஒருமுறை அவளிடம் கேட்டேன், அவன் எப்படி எழுதுகிறான் என்று. "நான் சொன்னதை எழுதுறான்" என்றாள். அது பாராட்டா, எனக்குச் சொன்ன பதிலா என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிராமச் சபைகளையே ஒழித்துவிட்டார்கள். மாவட்டத்துக்கு ஒரு பெரிய சபை, ஊர்களில் உபகந்தோர். யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த வருசம் அது. தெருவில் நின்ற இளைஞர்களின் முகத்தில் மேடைப் பேச்சைக் கேட்கும் பொறுமை இல்லை. வாத்தியார் காலமாகிவிட்டார். ஒரே நாளில் மனைவியின் பதவி போனது. அதே காரணத்தால் நான் ஊருக்குத் திரும்ப இருந்த தடையும் போனது. பழைய கந்தோரின் அதே மண்டபத்தில், இப்போது உபகந்தோர் என்று பலகை மாட்டிய இடத்தில், என்னை இருத்தினார்கள். உறுப்பினர்களும் இல்லை, கூட்டமும் இல்லை. வருகிறவர்களின் முறைப்பாட்டை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. என் வாயைக் கட்டிய கடதாசி அப்படியேதான் இருந்தது. ஆனால் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

வேலையேற்ற முதல் கிழமை. வரிசையில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். "அடுத்த ஆள்" என்று நிமிர்ந்தேன். மனைவி நின்றாள். காலையில் எனக்குத் தேத்தண்ணி தந்தவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"நீர் என்ன இஞ்சை?"

"முறைப்பாடு" என்றாள். "பவுசர் ரெண்டு கிழமையா வரேல்லை. எழுதுங்கோ."

பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதினேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், மாற்றினேன்.

"இனி?"

"மேலிடத்துக்கு அனுப்பவேணும்."

"அனுப்பினாப் பிறகு?"

அந்தப் பெரிய சபையில் யார் இதை வாசிப்பார்கள், வாசித்தால் யாருக்குச் சொல்வார்கள் என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை. அதை மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு சொல்லவும் முடியவில்லை. பேனையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி," என்றாள், "திங்கட்கிழமை வந்து கேக்கிறன்." விலகி, அடுத்தவளுக்கு இடம் விட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கந்தோர் திறந்தபோது அவள் படியில் நின்றாள். கூட இன்னும் ஆறேழு பெண்கள், கையில் வெறுங்குடங்களோடு.